ரங்கூனில் இரண்டு இரவு: கட்டடம் பார்த்து நடக்க எந்தத் தெருக்கள்?

சால்வின்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். டிசம்பர் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை காலை மோல்மேனிலிருந்து ரங்கூன் வந்து, ஞாயிறு இரவு பஸ்ஸில் திரும்பலாம் என்று இருக்கிறோம். நான், என் மனைவி, அப்பா மூவரும் வருகிறோம். அப்பா தச்சு வேலை செய்தவர். வயது அறுபத்தெட்டு. சமதளத்தில் எவ்வளவு தூரமும் நடப்பார், படிதான் முழங்காலுக்கு ஆகாது.

எங்களுக்குக் கடைகண்ணி முக்கியமில்லை. பழைய கட்டடங்களை நிதானமாகப் பார்த்துக்கொண்டு நடக்க வேண்டும், அவ்வளவுதான். மோல்மேனும் 1852 வரை வெள்ளைக்காரனின் தலைநகராக இருந்த ஊர்தான். பழைய தேக்கு வீடுகளும் சர்ச்சுகளும் பார்த்தே வளர்ந்தோம். அடுத்த தலைநகரை எப்படிக் கட்டினார்கள் என்று பார்க்க ஆசை.

என் திட்டம் இது. வெள்ளி: ஷ்வேடகோன் பகோடா (பெரிய புத்தர் கோயில்), காண்டவ்ஜி ஏரி, போஜோ மார்க்கெட், வெள்ளைக்காரன் காலத்து அரசு அலுவலகமான செக்ரட்டேரியட். சனி: காலையில் நகரைச் சுற்றும் வட்ட ரயில், பிறகு சூலே பகோடா, சிட்டி ஹால், பான்சோடான் தெரு, ஸ்ட்ராண்ட் ரோடு, ஆற்றின் அக்கரைக்குப் போகும் டலா படகு, சைனா டவுன். ஞாயிறு: மிச்சம் விட்டது. சரியாக வருமா? எங்கே தங்கினால் நடக்க வசதி?


பான்சோடான்_37 எழுதியது:

வாங்க தம்பி. உங்கள் திட்டத்தில் பாதியை எடுத்துவிடுங்கள். அதில் இருக்கும் தூரத்தைக் கடக்க டாக்ஸியில்தான் பொழுது போகும், நடக்க நேரமே இருக்காது.

முதலில் ஊரின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன், அது தெரிந்தால் மேப் இல்லாமலே நடக்கலாம். 1852இல் வெள்ளைக்காரன் ஊரைப் பிடித்த போருக்குப் பிறகு இந்த நகரத்தைச் சூலே பகோடாவை நடுவில் வைத்துக் கட்டம் கட்டமாக வரைந்தார்கள். மான்ட்கோமரி, ஃப்ரேசர் என்ற இரண்டு பேர் போட்ட திட்டம். தெற்கே ஆறு. ஆற்றோடு ஸ்ட்ராண்ட் ரோடு. அதிலிருந்து வடக்கே வர வர மெர்ச்சன்ட் ரோடு, மஹா பந்தூலா ரோடு, அனவ்ரதா ரோடு, போஜோ ஆங் சான் ரோடு. இவை கிழக்கு மேற்காக ஓடுபவை. குறுக்கே வடக்கு தெற்காக ஓடுபவைதான் எண் தெருக்கள். மேற்கே ஒன்றில் தொடங்கிக் கிழக்கே அறுபதைத் தாண்டிப் போகும். ஒவ்வொரு எண் தெருவையும் கீழ் பிளாக், நடு பிளாக், மேல் பிளாக் என்று பிரித்துச் சொல்வோம். ஆற்றுப் பக்கம் கீழ், ரயில் பாதைப் பக்கம் மேல். இதை மனதில் வைத்துக்கொண்டால் வழி தவறவே முடியாது.

தங்குவதற்குச் சூலேயிலிருந்து தெய்ன்பியூ ரோடு வரைக்குள் எங்கே கிடைத்தாலும் எடுங்கள். இரண்டு விஷயம் மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: லிஃப்ட் உண்டா, கரண்ட் போனால் அந்த லிஃப்டுக்கு ஜெனரேட்டர் ஓடுமா. இங்கே ஐந்தாறு மாடிக் கட்டடங்களில் பாதிக்கு லிஃப்டே கிடையாது. அப்பாவுக்கு அது ஆகாது.

வெள்ளிக்கிழமையை நீங்கள் பகோடாவுக்கு ஒதுக்கியிருக்கிறீர்கள். அதை மாற்றுங்கள். ஷ்வேடகோன் எல்லா நாளும் திறந்திருக்கும். ஆனால் கீழ் பிளாக்குகளில் இருக்கும் நல்ல கட்டடங்கள் பலவும் இன்றைக்கும் வங்கியும் அலுவலகமும்தான். வெள்ளிக்கிழமை அலுவலக நேரத்துக்குள் போனால் சிலவற்றுக்கு உள்ளே போகலாம். சனி, ஞாயிறில் வாசலோடு சரி. ஸ்ட்ராண்ட் ரோட்டில் பெரிய தபால் ஆபீஸ் இருக்கிறது. புல்லக் பிரதர்ஸ் என்ற அரிசிக் கம்பெனி தனக்காகக் கட்டியது. ஒரு ஸ்டாம்ப் வாங்கப் போனால் யாரும் ஏன் என்று கேட்கப்போவதில்லை. உள்ளே இருக்கும் இரும்பு வேலையை அப்பா பார்க்க வேண்டும்.

இன்னொன்று. ரங்கூன் நகருக்குள் மோட்டார் பைக் கிடையாது, தடை. மோல்மேனிலிருந்து வருகிற உங்களுக்குத் தெருவைக் கடப்பதே வேறு மாதிரி இருக்கும்.


தன்லின் அக்கா எழுதியது:

தம்பி, 37 சொன்னதெல்லாம் சரி. நான் நடைபாதையைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் கட்டடம் பார்க்கிறவர்கள் மேலே பார்த்துக்கொண்டே நடப்பார்கள். இங்கே சாக்கடை மூடிகள் சில இடத்தில் உடைந்தும் ஆடிக்கொண்டும் இருக்கும். ஜெனரேட்டர், பலகாரக் கடை, டீக்கடை ஸ்டூல் எல்லாம் நடைபாதையில்தான். நின்று பாருங்கள், பிறகு நடங்கள், இரண்டையும் ஒன்றாகச் செய்யாதீர்கள். அப்பாவிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

டிசம்பரில் விடியற்காலை குளிர்ச்சியாக இருக்கும், ஆறரைக்கு வெளிச்சம் வந்துவிடும். பத்து பத்தரைக்கு மேல் வெயில் ஏறிவிடும். அப்போது அறைக்குத் திரும்பிச் சாப்பிட்டுப் படுத்துவிட்டு, மூன்றரைக்கு மேல் மறுபடி கிளம்புங்கள். ஐந்தரைக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும் என்பதால் மாலை நடை சின்னதுதான்.

செருப்பு கழற்றி மாட்ட எளிதாக இருக்கட்டும். கோயில், பகோடா, பள்ளிவாசல் எதற்குப் போனாலும் கழற்ற வேண்டும். பகோடாவில் சாக்ஸும் கூடாது.

மருமகள் வருகிறாள் என்பதால் சொல்கிறேன்: கழிவறைக்கு டீக்கடையை நம்ப வேண்டாம். பெரிய ஹோட்டல், ஷாப்பிங் சென்டர் எங்கே வருகிறது என்று பார்த்து அதைச் சுற்றி வழியைப் போடுங்கள். சூலே பக்கத்தில் இரண்டும் உண்டு.


கட்டடக்கோடு எழுதியது:

நான் கட்டட வரைபடம் போடுகிறவன். அதனால் எதை எதற்குப் பிறகு பார்க்க வேண்டும் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தொடங்குகிற இடம் மஹா பந்தூலா பூங்கா. அதன் நடுவில் நின்று ஒரு முறை சுற்றிப் பாருங்கள். மேற்கே சூலே, எண்கோண வடிவிலேயே மேலே ஏறுகிற ஸ்தூபி. வடக்கே சிட்டி ஹால். கிழக்கே செங்கல் நிறத்தில் மணிக்கூண்டோடு பழைய ஹைகோர்ட், ஜேம்ஸ் ரான்சம் வரைந்தது, 1911இல் முடிந்தது. பூங்காவைப் பார்த்த அதன் முகப்பு மேற்கு நோக்கியது. அதனால் அதை மாலையில் பாருங்கள், சாய்வெயில் படும்போது அந்தச் செங்கல்லின் நிறம் முழுதாகத் தெரியும். வடகிழக்கு மூலையில் ரோ அண்ட் கோ என்ற பெரிய கடையாக 1910இல் எழுந்த கட்டடம், இப்போது வங்கித் தலைமையகம். ஒரே இடத்தில் நின்று இத்தனை விதமான கட்டடக் கலையைப் பார்க்க இந்த நாட்டில் வேறு ஊர் கிடையாது.

இதில் சிட்டி ஹால்தான் என் மனசுக்கு நெருக்கம். 1936இல் முடிந்தது. வரைந்தவர் ஊ டின் என்ற பர்மியர். உடம்பு முழுக்க ஆங்கிலேய அலுவலகம்: தூண், நீண்ட முகப்பு, சமச்சீர். ஆனால் தலையில் பகோடா வாசல்களில் வருகிற அடுக்குக் கூரை. அடிமைப்பட்ட ஊரில், ஆள்பவனின் அலுவலகத்துக்கு மேலேயே தன் கூரையைத் தூக்கி வைத்த மனிதர் அவர். பிறகு போரில் ரயில் நிலையம் அழிந்தபோது, 1954இல் திறந்த புதிய சென்ட்ரல் ஸ்டேஷனையும் அவரே வரைந்தார். அது சுதந்திர நாட்டின் கட்டடம். இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால், அதே கூரை இரண்டு காலத்தில் என்ன பேசுகிறது என்று புரியும். சிட்டி ஹாலிலிருந்து ஸ்டேஷன் நடக்கிற தூரம்தான்.

அடுத்து பான்சோடான். மேலிருந்து கீழாக, அதாவது ஆற்றை நோக்கி நடங்கள். மெர்ச்சன்ட் ரோடு மூலையில் சோஃபேர் கட்டடம். பாக்தாத்தில் பிறந்த யூத வணிகர் 1906இல் கட்டியது. தரை ஓடு மான்செஸ்டரிலிருந்து, இரும்பு உத்தரம் ஸ்காட்லாந்திலிருந்து. உள்ளே மாடியில் லோகநாத் ஓவியக் கூடம் இருக்கிறது, 1971இல் ஓவியர்கள் சேர்ந்து தொடங்கியது. தெரு முடிவில் துறைமுக அலுவலகம், சுவரில் கப்பலும் நங்கூரமும் பதித்திருப்பார்கள். அங்கிருந்து இடப்பக்கம் திரும்பினால் 1901இல் சார்க்கீஸ் சகோதரர்கள் திறந்த ஸ்ட்ராண்ட் ஹோட்டல்.

பார்க்கும் முறை ஒன்று சொல்கிறேன். கீழ்த்தளத்தைப் பார்க்காதீர்கள், அதைக் கடைக்காரர்கள் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். இரண்டாம் மாடியிலிருந்து மேலே பாருங்கள். சன்னல் வளைவு, பால்கனி இரும்பு, முகப்பின் உச்சியில் சுண்ணாம்பில் பதித்த ஆண்டு எல்லாம் அப்படியே இருக்கும். எதிர்ப் பக்க நடைபாதையில் நின்றால்தான் அது தெரியும். நீல வட்டப் பலகை இருந்தால் நின்று படியுங்கள், ரங்கூன் பாரம்பரிய அறக்கட்டளை வைத்தது, பர்மிய மொழியிலும் எழுதியிருக்கும்.


செம்மண்சாலை எழுதியது:

இந்த இழையைப் படித்தபோது எனக்கு மனசு ஆறவில்லை. ஹைகோர்ட், துறைமுகம், ஸ்ட்ராண்ட் ஹோட்டல்... இது முழுக்க நம்மை ஆண்ட வெள்ளைக்காரன் வீட்டுச் சுற்றுலா. அந்தச் செங்கல்லைச் சுமந்தது யார்? அந்தக் கப்பலில் அரிசி ஏற்றியது யார்? 1931 கணக்கெடுப்பில் இந்த நகரத்தில் பாதிக்கு மேல் இந்தியர்கள். தெலுங்கரும் நம் ஆட்களும் ஒரியாக்காரர்களும் அந்த ஆற்றங்கரையில் முதுகொடிந்தவர்கள். மோல்மேன் தம்பி வந்து பார்க்க வேண்டியது நம் தெரு.

அனவ்ரதா ரோட்டில் காளியம்மன் கோயில், 1871இல் நம் தமிழர்கள் எழுப்பியது. ஷ்வே போன்தா தெருதான் பழைய மொகல் தெரு, செட்டியார் கடைகள் வரிசையாக இருந்த இடம். போ சுன் பாட் தெருவில் சோலியா பள்ளிவாசல், நம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த முஸ்லிம்களுடையது. கிழக்கே 51ஆம் தெருப் பக்கம் வரதராஜப் பெருமாள். இவை ஒன்றுகூட மேலே யாருக்கும் ஞாபகம் வரவில்லையே.


கட்டடக்கோடு எழுதியது:

அண்ணே, நீங்கள் சொன்ன இடங்களை நானும் சேர்க்கத்தான் போகிறேன். ஆனால் இரண்டு நடையாகப் பிரிக்க வேண்டாம் என்பது என் கருத்து. பான்சோடானிலிருந்து ஷ்வே போன்தா மேற்கே பத்துப் பன்னிரண்டு நிமிட நடை. வெள்ளைக்காரன் வங்கி அங்கே நின்றது என்றால், அந்தப் பணம் ஐராவதி டெல்டாவில் நெல் வயலாக மாறியது இந்தத் தெருவிலிருந்த செட்டியார் பெட்டியடி, அதாவது கடன் கொடுக்கும் கடை வழியாகத்தான். ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதைப் பார்க்காவிட்டால் இரண்டுமே பாதிதான் தெரியும். காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகளின் தூண்கள் இங்கிருந்து போன தேக்கு. அப்பா தச்சர் என்பதால் இதைக் கேட்கவே சந்தோஷப்படுவார்.

அப்புறம் இன்னொரு கட்டடம். போஜோ ஆங் சான் ரோட்டில், மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஹோலி ட்ரினிட்டி சர்ச். 1886இல் அடிக்கல், 1894இல் திறப்பு. வரைந்தவர் ராபர்ட் சிஷோம். சென்னைப் பல்கலைக்கழக செனட் ஹவுஸ், பிரசிடென்சி காலேஜ் எல்லாம் அவர் கைவேலை. சென்னையில் இந்திய வளைவும் குவிமாடமும் கலந்து கட்டிய அதே ஆள் இங்கே சிவப்புச் செங்கல்லில், கூர்வளைவு வைத்த ஐரோப்பிய சர்ச் பாணியான கோதிக்கைச் சுத்தமாகப் போட்டிருக்கிறார். தமிழ்நாட்டுக்குப் போய்வந்தவர்கள் கண்டிப்பாக ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.


செம்மண்சாலை எழுதியது:

நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வரிசை முக்கியம். முதல் நாள் ஆற்றங்கரையைப் பார்த்துவிட்டால் கண் அந்த அளவுக்குப் பழகிவிடும், அப்புறம் நம் கோயில் சின்னதாகத் தெரியும். அதனால் வெள்ளி காலையில் இறங்கியதும் முதலில் காளியம்மனைக் கும்பிட்டுவிட்டு, தெய்ன்ஜீ மார்க்கெட் வழியாகத் தெருக்களுக்குள் நுழையுங்கள். அங்கிருந்து சுற்றுவட்டத்தில் என்னவெல்லாம் இருக்கிறது பாருங்கள்: 26ஆம் தெருவில் 1896இல் எழுந்த யூதர் ஆலயம், 30ஆம் தெருவில் ஷியாக்களின் மொகல் பள்ளிவாசல், ஷ்வே போன்தாவில் சூரத்துக்காரர்கள் பள்ளி. இத்தனை பேர் இத்தனை நெருக்கத்தில் வாழ்ந்த ஊர் இது. கட்டடத்தை விட இந்த நெருக்கம்தான் ரங்கூன் என்று நான் நினைக்கிறேன்.

கோயிலுக்குப் போனால் குருக்களிடம் இரண்டு வார்த்தை தமிழில் பேசுங்கள். 1964இல் கடைகளை அரசே எடுத்துக்கொண்ட தேசியமயத்துக்குப் பிறகு எத்தனையோ குடும்பம் கப்பல் ஏறிவிட்டது. இருப்பவர்களிடம் கேட்டால்தான் எந்தக் கட்டடம் யாருடையது என்ற கதை வரும்.


பான்சோடான்_37 எழுதியது:

யூதர் ஆலயத்துக்குச் சனிக்கிழமை போக வேண்டாம், அவர்களின் ஓய்வு நாள். போஜோ மார்க்கெட் திங்களன்று மூடியிருக்கும், உங்களுக்கு அது பிரச்சினை இல்லை. மார்க்கெட்டே 1926இல் ஸ்காட் மார்க்கெட் என்று கட்டியது. கடைக்குப் போகாவிட்டாலும் நடு நடையில் போய் மேலே கூரையைப் பாருங்கள்.


சால்வின்கரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இந்த அளவுக்கு எதிர்பார்க்கவில்லை. அப்பாவிடம் படித்துக் காட்டினேன், காளியம்மனில் தொடங்குவது அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

மூன்று கேள்வி. செக்ரட்டேரியட்டுக்கு எவ்வளவு நேரம் வைக்கலாம்? வட்ட ரயிலை விட்டுவிடலாமா? அப்பாவுக்கு முழுக்க மரத்தில் கட்டிய எதையாவது காட்ட வேண்டும், ரங்கூனில் அப்படி என்ன இருக்கிறது?


வடக்குப்பாதை எழுதியது:

வட்ட ரயிலை விடாதீர்கள். சுற்று 46 கிலோமீட்டர். நகரம், புறநகர், கீரைத் தோட்டம் எல்லாம் சன்னலோரத்தில் வரும். அப்பா உட்கார்ந்தபடியே பார்க்கலாம்.


தன்லின் அக்கா எழுதியது:

ரயில் நல்லதுதான். ஆனால் முழுச் சுற்றுக்கு மூன்று மணி நேரம் ஆகும், அதிலும் சனிக்கிழமை காலை வெயிலுக்கு முன்னால் இருக்கும் நல்ல நேரம் முழுக்கப் போய்விடும். நடக்க வந்தவர்களுக்கு அது இழப்பு. ஊ டின் கட்டிய ஸ்டேஷனைப் பாருங்கள், முடிந்தால் மதிய வெயிலில் சில ஸ்டேஷன் மட்டும் போய் எதிர் ரயிலில் திரும்புங்கள். வண்டி நேரத்தை அன்றைக்கு ஸ்டேஷனிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

டலா படகும் அப்படித்தான். ஆற்றின் நடுவிலிருந்து ஸ்ட்ராண்ட் ரோட்டின் வரிசை முழுவதும் தெரியும். பான்சோடான் படகுத்துறையில் ஏறி, இறங்கி, அடுத்த படகிலேயே திரும்பினால் போதும்.


கட்டடக்கோடு எழுதியது:

செக்ரட்டேரியட் ஒரு முழுச் சதுரம், நான்கு பக்கமும் நான்கு ரோடு. 1889இல் தொடங்கி 1905இல் முடிந்தது. 1947 ஜூலை 19 அன்று சுதந்திரப் போராட்டத் தலைவர் ஆங் சானும் அமைச்சர்களும் சுட்டுக் கொல்லப்பட்டது இதற்குள்தான். நீண்ட காலம் பூட்டிக் கிடந்து, புதுப்பித்துத் திறந்தார்கள். உள்ளே சுற்றிக் காட்டும் நேரம் மாறும், அதனால் தங்குமிடத்தில் சொல்லி முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். இரண்டு மணி நேரம் வையுங்கள். படிக்கட்டு இருக்கிறது. அப்பா மேலே ஏறாவிட்டாலும் கீழ் வராந்தாவில் நடந்தாலே போதும். அந்தச் சிவப்பு, மஞ்சள் செங்கல் வரிசையை எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று தொட்டுப் பார்க்கலாம். வெளியே வந்தால் பக்கத்தில் செயின்ட் மேரீஸ் சர்ச்.

மரத்துக்கு ஒரே பதில் பெகு கிளப். 1882. தேக்குக் கட்டடம், வெள்ளைக்கார அதிகாரிகளின் கிளப்பாக இருந்தது, பர்மியர்களையோ இந்தியர்களையோ உறுப்பினராகச் சேர்க்க மாட்டார்கள். இடிந்து விழும் நிலையிலிருந்து மீட்டிருக்கிறார்கள். பியே ரோட்டுப் பக்கம், நடக்கிற தூரமில்லை, டாக்ஸி வைத்துக்கொள்ளுங்கள். நிகழ்ச்சி இருந்தால் உள்ளே விட மாட்டார்கள், போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். அப்பா அந்த வராந்தாவின் இணைப்புகளைப் பார்த்துவிட்டு என்ன சொல்கிறார் என்று எழுதுங்கள். தச்சர் கண்ணுக்குத் தெரிகிறது எனக்குத் தெரியாது.

ஷ்வேடகோன் அங்கிருந்து பக்கம்தான். இரண்டையும் சேர்த்து ஞாயிறு மாலைக்கு வையுங்கள். லிஃப்டும் நகரும் படியும் உள்ள வாசல்கள் உண்டு, டாக்ஸிக்காரரிடம் சொன்னால் அங்கேயே விடுவார்.


செம்மண்சாலை எழுதியது:

ஒரு எச்சரிக்கை. காவல் நிற்கும் அலுவலகம், சோதனைச் சாவடி, சீருடைக்காரர்கள் பக்கம் கேமராவைத் தூக்காதீர்கள். கட்டடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. மூன்று பேரின் அடையாள அட்டையும் கையிலேயே இருக்கட்டும். கிளம்பும் முன், மோல்மேன் ரோட்டில் வரும் பகோ ஊர் வழி நிலைமையைப் பஸ் ஆட்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.


பழையபுத்தகம் எழுதியது:

நடு, மேல் பிளாக் எண் தெருக்களை மறந்துவிட்டீர்களே எல்லாரும். பெரிய கட்டடத்துக்கு முகம் மட்டும்தான் தெரியும். குடியிருப்புத் தெருவில்தான் ஊர் எப்படி உயிரோடு இருக்கிறது என்று தெரியும். மாடி பால்கனியிலிருந்து கயிறு தொங்கும், நுனியில் கிளிப். பேப்பர்காரர் பேப்பரை மாட்டிவிட்டு இழுப்பார், மேலே மணி அடிக்கும். சாவியும் அதில்தான் இறங்கும். லிஃப்ட் இல்லாத ஊர் தானே கண்டுபிடித்த வசதி. 37ஆம் தெருப் பக்கம் பழைய புத்தகக் கடைகளும் உண்டு.


சால்வின்கரை எழுதியது:

அப்படியானால் இப்படி மாற்றுகிறேன். வெள்ளி காலை பஸ் நிலையத்திலிருந்து நேராக அறை, சாமானைப் போட்டுவிட்டுக் காளியம்மன், ஷ்வே போன்தா, 26ஆம் தெரு. மதியம் தபால் ஆபீஸ் மூடுவதற்குள் ஸ்ட்ராண்ட் ரோடு, பான்சோடான். மாலை பூங்காவில் ஹைகோர்ட். சனி காலை செக்ரட்டேரியட், வழியில் எண் தெருக்கள். மதியம் ரயில் ஸ்டேஷன். சாயங்காலம் டலா படகு. ஞாயிறு ட்ரினிட்டி சர்ச், மார்க்கெட், பெகு கிளப், ஷ்வேடகோன், அப்படியே பஸ்.


பான்சோடான்_37 எழுதியது:

வெள்ளியில் அதிகம் வைத்துவிட்டீர்கள். ஆங் மிங்கலார் நிலையத்திலிருந்து நகருக்குள் வரவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். இரவு பஸ்ஸில் தூங்காமல் வந்து இறங்குகிறவர்களுக்குக் காலை நடை கூடாது. காளியம்மன் கோயிலை மட்டும் கும்பிட்டுவிட்டுச் சாப்பிட்டுத் தூங்குங்கள். மதியம் தபால் ஆபீஸ், பான்சோடான், மாலை பூங்கா. ஷ்வே போன்தா, 26ஆம் தெரு எல்லாம் ஞாயிறு காலைக்கு. சர்ச்சும் மார்க்கெட்டும் அங்கிருந்து வடக்கே நடந்தே வந்துவிடும்.


செம்மண்சாலை எழுதியது:

காளியம்மனில்தானே தொடங்குகிறார்கள், எனக்குச் சம்மதம்.


தன்லின் அக்கா எழுதியது:

ஞாயிறு காலை சர்ச்சில் ஆராதனை நடக்கும், அது முடிந்த பிறகு உள்ளே போங்கள். அன்றைக்குப் பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் முன்னாலேயே ஷ்வேடகோனிலிருந்து கிளம்பிவிடுங்கள், சாயங்கால டிராஃபிக் நிலையத்துக்குப் போகிற ரோட்டில்தான் அதிகம். சாமானை அறையிலேயே வைத்துவிட்டுப் போகாமல் டாக்ஸியில் ஏற்றிக்கொண்டு, பெகு கிளப்பிலிருந்தே அதே டாக்ஸியை நிறுத்தி வைக்கப் பேசிக்கொள்ளுங்கள். எவ்வளவு என்று ஏறும்போதே முடித்துவிடுங்கள்.


சால்வின்கரை எழுதியது:

அப்படியே செய்கிறேன் அக்கா. இன்று அறைக்குப் போன் போட்டேன். லிஃப்ட் உண்டு, ஜெனரேட்டரில் ஓடும் என்றார்கள்.